சுடாத கால்

தாய்லாந்திலிருந்து காலில் கட்டோடு திரும்பி வந்த என்னைப் பார்க்க, இலங்கையில் எங்கள் யட்டியாந்தோட்டையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே முறையைத்தான் கையாண்டார்கள். முதலில் கட்டைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். பிறகு என் மனைவி சாந்தி டீ போட உள்ளே போகும்வரை மழையைப் பற்றிப் பேசுவார்கள். அவள் தலை மறைந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஆஸ்பத்திரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்பார்கள்.

"அண்ணே, அங்க மசாஜுன்னு சொல்றாங்களே..." என்று ஆரம்பித்தவர் பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் சிவலிங்கம். கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான்.

"போனேன்" என்றேன்.

அவர் இன்னும் கிட்டே வந்தார்.

"என்னைவிட மூத்த அம்மா ஒருத்தங்க. முதுகுல ஏறி முழங்காலால மிதிச்சாங்க. வாய்விட்டு அழுதுட்டேன். அதோட அந்தப் பக்கமே போகல."

"சும்மா கத விடாதீங்க. இத்தன வருசம் தனியா இருந்திருக்கீங்க. மனசு ஒரு நாளும் தடுமாறலியா?"

தடுமாறியது. தினமும் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் தடுமாறியது. ஆனால் சிவலிங்கம் கேட்க வந்த தடுமாற்றம் அது இல்லை. அதை விளக்கப் போனால் அவர் முகம் தொங்கிப் போகிறது. ஆகவே, ஒவ்வொருவராக ஏமாற்றுவதற்குப் பதிலாக எல்லோரையும் ஒரே தடவையில் ஏமாற்றிவிடலாம் என்று, காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நான் ரப்பர் ஆள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தோட்டத்து ஸ்டோரில், அதாவது ரப்பர் தொழிற்சாலையில், வேலை பழகி, ரப்பர் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டை பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவன். தெற்குத் தாய்லாந்தில் ஒரு தொழிற்சாலைக்குத் தரம் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். பஸ் ஜன்னலில் பார்த்தால் கேகாலைப் பக்கம் போகிற மாதிரியே இருந்தது. அதே ரப்பர் மரங்கள், அதே சாய்ந்த வெட்டு, அதே பால் வடியும் சிரட்டை. பெயர்ப்பலகைகளை மட்டும் யாரோ மாற்றி எழுதிவிட்டுப் போனதுபோல.

அந்த ஊரில் என்னைக் கெடுக்க இருந்த பெண்மணியின் பெயர் மாலி. தொழிற்சாலை வாசலில் டீ வண்டி வைத்திருந்தார். அங்கே மூத்தவர்களைப் பெயருக்கு முன்னால் 'பீ' என்று சேர்த்து அழைப்பார்கள். நமது அண்ணன், அக்கா இரண்டுக்கும் சேர்த்து அந்த ஒரே சொல். எனவே இங்கே மாலி அக்கா என்றே எழுதுகிறேன். எங்கள் பேச்சில் பாதி தாய்லாந்து மொழி, கால்வாசி ஆங்கிலம், மீதி கை. அதைத் தமிழில் தருகிறேன்.

முதல் நாள் அவர் தந்த டீ செம்மஞ்சள் நிறத்தில் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் பைக்குள் ஐஸ், அதன் மேல் டீ, அதற்கும் மேல் தித்திக்கும் டின்பால், பையின் வாயில் ரப்பர் பட்டி, பட்டிக்குள் ஸ்ட்ரோ. தேயிலை நாட்டிலிருந்து வந்தவன் நான். இதை டீ என்று சொல்வது எங்கள் மலையையே அவமதிப்பது என்று மனதுக்குள் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். சொற்பொழிவு முடிவதற்குள் பை காலியாகியிருந்தது.

அப்புறம் தோசைக்கல்லில் வாழைப்பழத்தை வைத்து மடித்துச் சுட்டு, மேலே டின்பாலைக் கோடு கோடாக ஊற்றித் தரும் ரொட்டி. அதற்குப் பெயரும் ரொட்டிதான்; பெயரைக் கேட்டதும் சொந்த ஊர் ஞாபகம் வந்து ஒன்று கூடுதலாகச் சாப்பிடுவேன். மாம்பழத்தோடு தேங்காய்ப்பால் ஊறிய பிசுபிசுத்த சோறு. தூரியன் பழக் காலத்தில் தூரியன். அந்த நாட்டில் யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அது வெறும் நலம் விசாரிப்பு. இல்லை என்று சொன்னால் மட்டும் நிஜமாகவே தட்டு வந்துவிடும். நான் பெரும்பாலும் இல்லை என்றே சொன்னேன்.

மது, மங்கை, சூது என்று அந்த நாட்டைப் பற்றி ஊரில் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். ஒருவர்கூட டின்பாலைப் பற்றி எச்சரிக்கவில்லை.

அவர்களுக்கும் சித்திரையில்தான் புதுவருடம். அந்த விடுமுறையில் மாலி அக்கா தன் ஊர்க் கோயிலுக்கு அழைத்துப் போனார். வாசலில் செருப்பைக் கழற்றினோம். உச்சி வெயில். கோயில் முற்றம் முழுக்க சிமெந்து. மாலி அக்காவும் அவருடைய உறவினர்களும் "ஓய், ஓய்" என்று கத்திக்கொண்டு, சூட்டுச் சட்டியில் விழுந்த கடுகு மாதிரித் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. கைகளைக் கூப்பியபடி, நிதானமாக, முற்றத்தின் நடுவே நடந்து போனேன். எனக்குச் சுடவே இல்லை.

நிழலில் நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள். ஒரு கிழவர் எனக்குக் கும்பிடு போட்டார். "லங்காவிலிருந்து வந்தவர், புண்ணியம் செய்த கால்" என்று மாலி அக்கா அறிமுகப்படுத்தினார். எங்கள் தோட்டத்து மாரியம்மன் தீமிதியைப் பற்றிச் சொல்லி, எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் சாதாரணம் என்றேன். நான் தீ மிதித்ததே இல்லை என்பதைச் சொல்ல அங்கே அவசியம் ஏற்படவில்லை.

அன்று மாலை பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, ஒரு பெரிய கொப்புளம். அது உடைந்தது. வலிக்கவில்லை.

ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு வைத்தியம் தெரியும். பால் வெட்டுகிற இடத்தில் கத்தி பட்டால் அம்மா சிரட்டையிலிருந்து ஒரு விரல் பாலைத் தொட்டுப் பூசிவிடுவாள். காய்ந்து தோலாகிவிடும், மழைத் தண்ணீர் போகாது, வேலை நிற்காது. நான் தொழிற்சாலையிலிருந்து கொஞ்சம் ரப்பர் பால் கொண்டுவந்து தூரிகையால் பூசினேன். காயவைத்தேன். மறுபடி பூசினேன். கையுறை செய்கிற ஒழுங்கில், படலத்துக்கு மேல் படலம். விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தேன். ஊசிமுனை ஓட்டை இல்லை. பரிசோதனை மேசைக்கு வந்திருந்தால் நானே முதல் தரம் என்று கையெழுத்துப் போட்டிருப்பேன்.

சில நாட்களில் காய்ச்சல் வந்தது. குளிர் தூக்கி அடித்தது. முகாமையாளர் என்னைப் பிக்அப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வாசலில் மாலி அக்கா பிக்அப்பை மறித்து எட்டிப் பார்த்தார். என் முகத்தைக் கண்டதும், கொதிக்கிற தண்ணீரை அப்படியே பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.

அவசரப் பிரிவில் இளவயது டாக்டர் ஒருவர் என் காலைப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு கத்தரி முனையால் அந்தப் படலத்தின் ஓரத்தைக் கிளப்பி, மெல்ல, ஒரே இழுப்பில் உரித்தார். உள்ளே இருந்ததை நான் வர்ணிக்கப் போவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் இதைப் படிக்கிறவர்களும் இருப்பார்கள். டாக்டர் உரித்ததை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"நல்ல ரப்பர்" என்றார் ஆங்கிலத்தில்.

"நன்றி" என்றேன் பழக்கதோஷத்தில்.

"என் அப்பாவும் பால் வெட்டுகிறவர். அவரும் இதைத்தான் செய்வார். ஆனால் அவர் பூசுவது மோசமாக இருக்கும், ஓட்டை ஓட்டையாக. சீழ் வெளியே வந்துவிடும். நீங்கள் ரொம்ப நன்றாகப் பூசியிருக்கிறீர்கள்." கொஞ்சம் நிறுத்தி, "இது வலித்திருக்க வேண்டுமே?" என்று கேட்டார்.

"இல்லை."

"இப்போது?" ஒரு மெல்லிய நைலோன் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டிருக்கிறார். கண்ணை மூடச் சொல்லியிருந்ததால் அவர் ஆரம்பிக்கக் காத்திருந்தேன். "முடித்துவிட்டேன்" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். இரத்தத்தில் சீனி வருடக்கணக்காகக் கூடியிருந்தால், கால் நரம்புகளின் முனைகள் மெல்லச் செத்துவிடும். கால் நடக்கும், நிற்கும். ஆனால் முள்ளோ நெருப்போ பட்டால் செய்தி மேலே வராது. இரத்த ஓட்டமும் குறைந்திருப்பதால் காயம் ஆறாது. சீனி கலந்த இரத்தம் கிருமிக்கு விருந்து. இன்னொரு பரிசோதனை இருக்கிறது. கடந்த இரண்டு மூன்று மாதங்களாகச் சீனி எந்த அளவில் இருந்தது என்பதை அது காட்டும். முதல் நாள் பட்டினி கிடந்து நல்ல பிள்ளையாக நடிக்க முடியாது. முடிவைப் பார்த்த டாக்டர் தாளைத் திருப்பி என் பெயர்தானா என்று சரிபார்த்தார்.

கோயில் முற்றத்தில் எனக்குக் கிடைத்த கும்பிடு நரம்பு செத்ததற்கான கும்பிடு என்று அப்போதுதான் விளங்கியது.

வார்டில் கட்டிலுக்கு ஒருவராக உறவினர்கள் பாயோடு இருந்தார்கள். யாராவது கூட இருக்க வேண்டும் என்று தாதி கேட்டபோது மாலி அக்கா கையைத் தூக்கினார். என்ன உறவு என்று கேட்டதற்கு, தயங்காமல், "டீ" என்றார். தாதி எழுதிக்கொண்டாள்.

அன்று மாலை, நான் வாடிப்போயிருப்பதைக் காணச் சகிக்காமல், தெம்புக்காக ஒரு பெரிய பையில் செம்மஞ்சள் டீ கொண்டுவந்து என் வாயருகே நீட்டினார். தாதி பாய்ந்து வந்து பறித்தாள். பிறகு அவரைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப் போய் ஏதோ சொன்னாள். திரும்பி வந்த மாலி அக்காவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு நோய் இரண்டாம்பட்சமாகிவிட்டது.

"நானா? நான் தந்ததாலா?" என்று அழுதார்.

"நீங்கள் தந்தது ஒரு பை. இரண்டாவது பையைக் கேட்டு வாங்கியது நான்."

"ஆம்" என்று உடனே ஒப்புக்கொண்டார். அழுகை பாதியில் நின்றது. "மற்றவர்கள் எல்லாரும் 'சீனி குறைவாக' என்று சொல்லித்தான் வாங்குவார்கள். நீ ஒருத்தன்தான் சொல்லவே மாட்டாய்." இத்தனை வருடத்தில் 'சீனி குறைவாக' என்பதற்கு அவர்கள் மொழியில் என்னவென்று நான் கேட்டதே இல்லை. 'இன்னொன்று' என்பதை முதல் வாரத்திலேயே கற்றிருந்தேன்.

அந்த வார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடம்பரமில்லாத ஆஸ்பத்திரி, மின்விசிறி, இரும்புக் கட்டில், மூன்று வேளையும் நமது கஞ்சிக்குத் தம்பி முறையாகும் ஒரு கஞ்சி. பணத்தைத் தொழிற்சாலைக் காப்புறுதி பார்த்துக்கொண்டது. அந்தப் பயம் எனக்கு இல்லாமல் போனது பெரிய அதிர்ஷ்டம். தாதிகள் என்னை 'லுங்' என்றார்கள், மாமா என்று அர்த்தம். விரலில் ஊசி குத்தும் ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டார்கள்.

இன்னொன்று. அந்த மக்கள் யாரையும் நோக்கிக் காலை நீட்ட மாட்டார்கள். நம் ஊர்ச் சிங்கள வீடுகளில் புத்தர் படத்துக்கு நேரே கால் நீட்டாததுபோல, இன்னும் கண்டிப்பாக. என் காலோ, வீக்கம் வடிவதற்காக, தலையணை மேல் தலையணை வைத்து உயர்த்தப்பட்டு, எதிர்ச் சுவரில் இருந்த புத்தர் மாடத்தைக் குறிபார்த்துக்கொண்டிருந்தது. நான் போர்வையைப் போட்டு மறைப்பேன், காற்றுப் பட வேண்டும் என்று தாதி எடுப்பாள், மறுபடி மறைப்பேன். ஒரு நாள் காலையில், பக்கத்துக் கட்டில்காரரின் மகன்களும் மாலி அக்காவும் இரண்டு தாதிகளும் வந்து, சேலைன் கம்பியோடு என் கட்டிலை அலாக்காகத் தூக்கித் திருப்பி வைத்தார்கள். கால் ஜன்னலுக்கு வெளியே ஒரு மாமரத்தைப் பார்த்தது. வேலை முடிந்ததும் பழையபடி அவரவர் பாய்க்குப் போனார்கள். நான் சங்கடப்பட்டதை அத்தனை பேரும் கவனித்திருக்கிறார்கள். அந்த நாட்டின் மீது எனக்கு வந்த மோகங்களில் இதுதான் இன்னும் தீராதது.

மருந்து ஏற்றியும் காய்ச்சல் முழுதாக விடவில்லை. டாக்டர் கட்டிலோரம் உட்கார்ந்து விளக்கினார். கிருமி சுண்டுவிரல் எலும்புக்குள் போயிருக்கிறது. திறந்து பார்க்க வேண்டும். விரலோடு நின்றிருந்தால் விரல் போகும். மேலே ஏறியிருந்தால் பாதம் போகும். "திறந்த பிறகுதான் தெரியும். முன்கூட்டிச் சொன்னால் அது பொய்" என்றார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

சாந்திக்குத் தொலைபேசி வீடியோவில் சொன்னேன்.

"டீ நாட்டுல பொறந்துட்டு, போயும் போயும் டீ குடிச்சா கால கெடுத்துக்கிட்டீங்க?" என்றாள். "ஊருல எல்லாரும் ஏங்கிட்ட என்னென்னமோ சொல்லி பயங்காட்டுனாங்க. நானும் வேற எதையோ நெனச்சு பயந்துக்கிட்டு கெடந்தேன்."

"வேற எதுவும் இல்ல."

"தெரியுது. அதுக்கும் ஒரு மொகரக்கட்ட வேணும்." மூக்கை உறிஞ்சினாள். "மாரியம்மாகிட்ட நேந்துட்டேங்க. கால் தப்பிச்சிருச்சின்னா, வாற திருவிழாவுல அந்தக் காலாலயே தீ மிதிக்க வைக்கிறேன்னு."

"யார?"

"ஒங்களத்தான். பின்ன ரோட்டுல போறவனையா?"

மாலி அக்காவும் சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தெய்வச் சிறுகோயில் உண்டு. சத்திரசிகிச்சைக்குப் போகும் முன் அங்கே போய், என் சார்பில், சிவப்பு நிறச் சோடாப் போத்தல் ஒன்றை ஸ்ட்ரோ போட்டு வைத்துவிட்டு வந்தார். அங்கே அதுதான் படையல். "சீனியா?" என்று கேட்டேன். "தெய்வத்துக்கு நரம்பு இல்லை" என்றார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். நடுவில் திரை. கண்விழித்தபடி, மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு, என் காலில் ஏதோ நடக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். வார்டுக்குக் கொண்டுவந்த பிறகும் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. எழும்பக் கூடாது. காலின் மேல் வளைந்த கம்பிக்கூடு, அதன் மேல் போர்வை. இருக்கிறதா, இல்லையா?

"பாருங்கள்" என்றேன் மாலி அக்காவிடம்.

போர்வையைத் தூக்கிப் பார்த்தார். வேகமாக ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. பயத்தில், தெரிந்த நாலு தாய்லாந்துச் சொல்லும் மறந்துவிட்டன. "போட்டோ, போட்டோ" என்றேன். தன் போனை எடுத்துப் போர்வைக்குள் நுழைத்தார். பிறகு போனை என்னிடம் தராமல் எதையோ தட்டிக்கொண்டே இருந்தார். என் போன் அலறியது. சாந்தி.

"கண்டுட்டேங்க! கால் இருக்குங்க! சுண்டுவெரல் மட்டுந்தான் போயிருக்கு. கால் இருக்கு!" அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எப்போது இவர்கள் இரண்டு பேரும் எண்களைப் பரிமாறிக்கொண்டார்கள் என்றும் தெரியவில்லை. என் கட்டிலில் இருந்த என் காலைப் பற்றிய செய்தி யட்டியாந்தோட்டைக்குப் போய்த்தான் எனக்கு வந்தது.

புண் ஆறத் தொடங்கியதும் ஊருக்கு அனுப்பினார்கள். இப்போது கேகாலையில் கிளினிக். முதல் நாள் கட்டைப் பிரித்த தாதி மிஸ், "அனே, மொகத மே?" என்று, ஐயோ இது என்ன என்ற அர்த்தத்தில், கேட்டார். கதையை நான் சிங்களத்தில் சொல்லி முடிக்கும்வரை வரிசை நகரவில்லை. எனக்குப் பின்னால் இருந்தவர்களும் முறைப்பாடு செய்யவில்லை. வெறுங்காலோடு வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது, தினமும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும் என்பது கட்டளை. தீமிதியைப் பற்றிச் சாந்தி மெதுவாகக் கேட்டாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

திருவிழா நெருங்கியது. சிவலிங்கம் கமிட்டித் தலைவராக வீட்டுக்கு வந்தார்.

"அம்மாவுக்கு நேந்தத சும்மா விட முடியாதே. அதோட அண்ணனுக்குத்தான் சுடாதுல்ல? ரோட்டுல நடக்கிற மாதிரி நடந்து போயிட்டு வந்துறலாம். எனக்கெல்லாம் அப்படி ஒரு கால் கெடச்சா..."

சாந்தி டீத் தட்டோடு வாசல்படியில் நின்றிருந்தாள்.

"சுடாத கால வச்சு மிதிச்சா அது என்னா நேத்திக்கடன்?" என்றாள். "அது அம்மாவ ஏமாத்துறது. நான் மிதிக்கிறேன்."

"தங்கச்சி, அது வந்து..."

"டீயக் குடிங்க. சீனி இல்ல. இனி இந்த வீட்டுல யாருக்கும் இல்ல."

விரதம் இருந்தாள். மஞ்சள் சேலை கட்டினாள். செருப்போடு கோயில் எல்லைக்குள் போக முடியாத நான் ரோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் போன், போனுக்குள் ஏப்ரனோடு மாலி அக்கா. பறை உச்சத்துக்குப் போனது. தணலின் ஓரத்தில் சாந்தி நின்றாள். பஸ்ஸில் ஏறவே இரண்டு தரம் யோசிப்பவள். ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள், பிறகு இறங்கிவிட்டாள். நான் முற்றத்தில் நடந்த மாதிரி நிதானமாக இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, குறுக்கே, விறுவிறுவென்று. "ஓய், ஓய், ஓய்!" என்று போன் என் கையில் கத்தியது. சாந்தி தணலின் மறுமுனையில் கால் குளிர வைத்திருந்த பால் குழியில் இறங்கினாள்.

திருநீறும் வியர்வையுமாக வந்து என் பக்கத்தில் மதகுத் திண்டில் உட்கார்ந்தாள்.

"சுட்டுச்சா?" என்றேன்.

"சுட்டுச்சுங்க" என்றாள். "நல்லா சுட்டுச்சு."

கிளினிக்கில் பழகிய பழக்கத்தில் அவள் பாதத்தைத் தூக்கி அடியைப் பார்த்தேன். சிவந்திருந்தது, கொப்புளம் இல்லை. விரலால் லேசாகத் தொட்டேன்.

"ஸ்ஸ்! தொடாதீங்க, எரியுது!" என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

என்ன வேகம் அந்தக் காலுக்கு. பொறாமையாக இருந்தது.